வண்டி நிறுத்தப் போனவர்

கிடைக்காமல் எங்கே போய்விடும், இத்தனை பெரிய ஊரில் ஒரு கார் நிற்க இடம் என்று நினைத்தபடிதான் வீரணன் மேலமாசி வீதிக்குள் வண்டியை ஒடித்தார். ஒடிக்கும்போது கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். வடக்குமாசி வீதி முக்கில் இறக்கிவிட்ட பாத்திரக்கடை வாசலிலேயே பெருமாயி நின்றுகொண்டிருந்தாள், கத்தரிப்பூக் கலர் சேலை, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கார் போகிற பக்கமே பார்த்தபடி. நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, அது விலகியதும் கண்ணாடியில் வேறு யார் யாரோ இருந்தார்கள். இங்கேயே நில்லு, அசையாதே, வண்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சொன்னாரா, கத்தினாரா. இங்கே நிறுத்தாதே என்று போலீஸ்காரன் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கத் தகரத்தில் தட்டிய தட்டில் என்ன குரல் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கடையை ஒட்டின சந்தில்தான் நரம்பு டாக்டர். திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி போன் மேல் போன் போட்டு டோக்கன் வாங்கியிருந்தாள். அம்மாவைத் தனியா விடாதீங்கப்பா, ஒரு நிமிஷம்கூட விடாதீங்க என்றாள். நான் என்ன பச்சைப்பிள்ளையா, எனக்குத் தெரியாதா, நீ போனை வை என்றார். விட்டாயிற்று. ஆனால் ஒரு நிமிஷம்தான், ஒரு சுற்றுதான், நாலு வீதி, நாலு முக்கு, எங்கேயாவது மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி நடந்தால் அவள் அங்கேயே நிற்பாள், எங்கிட்டுப் போனீக என்று கேட்பாள். எங்கிட்டுப் போறோம் என்று நத்தத்திலிருந்து வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். முதல் தடவை டாக்டர் வீட்டுக்கு என்றார். அடுத்த தடவை மதுரைக்கு என்றார். சத்திரப்பட்டி தாண்டி மறுபடியும் கேட்டபோது, சுடுகாட்டுக்கு, போதுமா என்று ஸ்டியரிங்கில் அடித்தார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. பாலம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், வைகையில் மாடு மேய்கிறது என்றாள், அதை அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

வீதியின் இரண்டு பக்கமும் பைக், பைக்குக்கு வெளியே தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்கு வெளியே ஆட்டோ, மிச்சத்தில் ரோடு. கடைக்குக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள், நாற்காலி இல்லாத இடத்தில் ஒரு கல், கல் இல்லாத இடத்தில் தகரத்தில் எழுதி வைத்த மிரட்டல், மீறி நிறுத்தினால் டயர் காற்று இறக்கப்படும். கார் ஒன்று தாராளமாக நிற்கக்கூடிய இடைவெளியில் ஒருவன் இரண்டு பெயிண்ட் டப்பாவில் மண்ணை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீரணன் ஜன்னலை இறக்கி, தம்பி, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுங்க என்றார். லோடு வரும்ணே. எப்ப வரும்? வர்றப்ப வரும்ணே. ரோடு என்ன உங்கப்பன் வீட்டு ரோடாடா? அவன் கோபப்படவே இல்லை, பல் குத்திக்கொண்டே, ஆமாண்ணே, எங்கப்பன் வீட்டு ரோடுதான், உங்களுக்கு வேணும்னா சுருட்டி எடுத்துட்டுப் போயிருங்க என்றான். பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். இறங்கி ஒரு அறை விட்டிருப்பார், பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் விட்டிருப்பார், இறங்கினால் வண்டியை எங்கே விடுவது. பின்னால் ஹாரன் அடித்தான் ஒருத்தன். இருடா, பறந்தா போக முடியும். இந்த ஊரை அவருக்குத் தெரியாதா என்ன. புளி லோடு ஏற்றிய லாரியில் மூட்டைக்கு மேல் படுத்துக்கொண்டு எத்தனை விடியலில் இந்த முக்கெல்லாம் திரும்பியிருக்கிறார், ஆள் அரவம் இல்லாத வீதி, நனைந்த தரை, கோபுரத்துக்கு மேலே வெளுத்துவரும் வானம், கீழமாசி வீதி மண்டியில் லாரி நேராகப் போய் வாசலை அணைத்து நிற்கும். இந்தா நில்லு என்று ஊரே இடம் கொடுத்தது. மூட்டைக்காரனாக வந்தபோது இருந்த இடம் காரில் வரும்போது இல்லை. தெரிந்த ஊர் தெரியாத முகத்தைக் காட்டுவது பெரிய அசிங்கம். அதைக் கேட்பாரும் இல்லை, முறையிடுவதற்கு ஆளும் இல்லை.

கிடைத்தது. தெற்குமாசி வீதிக்குத் திரும்புவதற்கு முன்னால், பழைய வீடு ஒன்றை இடித்து எடுத்த மனை, தகரக் கதவு, உள்ளே பத்துப் பதினைந்து கார்கள் தீப்பெட்டி அடுக்கின மாதிரி, மூலையில் வேப்பமரத்தடியில் சரியாக ஒரு கார் நிற்க ஓர் இடம். அதைப் பார்த்த மாத்திரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது, பெருமாயி கண்ணாடியில் மறுபடி தெரிந்த மாதிரி. வாசலில் காதில் வயரைச் சொருகிக்கொண்டு ஒருவன் ரசீதுக் கட்டோடு நின்றான். எவ்வளவுப்பா? நூறுண்ணே. நூறா, நான் வண்டியை விலைக்கா கேட்டேன், நிக்கிறதுக்குத்தானே கேட்டேன்? நெழலு இருக்குண்ணே, வேப்ப மரம். மரம் நீ வெச்சதா? எங்க தாத்தா வெச்சதுண்ணே. அம்பது வாங்கிக்க. கட்டாதுண்ணே. எப்படி வந்தது அந்த அம்பது வாயில், அவருக்கே தெரியாது, வாய் அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது, நாற்பது வருஷமாக மாந்தோப்புக் குத்தகையும் புளியமர ஏலமும் பேசிப் பேசி வாய்க்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. தோப்புக் காவலுக்குப் போன வயசில் தோப்புக்காரனிடம் செவிட்டில் வாங்கின அறையிலிருந்து படித்த படிப்பு அது. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவனை எவனும் மதிக்க மாட்டான். எழுந்துவிட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டு நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, தோப்பு வேலியைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவான். எத்தனை தோப்பை அந்த நடையிலேயே பிடித்திருக்கிறார். அதனால் வேண்டாம் போ என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார், மெதுவாக, கூப்பிட நேரம் கொடுத்து, சரி வாங்கண்ணே எழுபது குடுங்க என்று அவன் சொல்லப்போகிற குரலுக்குக் காதை வைத்துக்கொண்டு. பின் சக்கரம் ரோட்டில் இறங்கியது. அவன் கூப்பிடவில்லை. கேரளா நம்பர் கார் ஒன்று அவர் மூக்கை உரசிக்கொண்டு உள்ளே போனது, மரத்தடியில் போய் நின்றது, உள்ளிருந்து குடும்பம் இறங்கி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. யோவ், நான்தான்யா முதல்ல வந்தேன். வந்தீங்கண்ணே, அப்புறம் போனீங்களே. எரநூறு தர்றேன்யா, எம்பொண்டாட்டி தனியா நிக்கிறா, ஒடம்புக்கு முடியாதவ. அவன் வயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரை முழுசாகப் பார்த்தான். அதை மொதல்லயே சொல்லிருக்கலாமேண்ணே என்றான்.

மொதல்லயே சொல்லிருக்கலாம். யாரிடம், எதை, அவருக்கே அது இன்னும் சொல்லி முடியவில்லையே. மறதி, வயசானா எல்லாருக்கும் வர்ற மறதி, அப்படித்தான் சுகந்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானே மூக்குக் கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டுத் தேடுறேன். தெற்குமாசி வீதியில் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு துணிக்கடை வேனிலிருந்து பொட்டலம் பொட்டலமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சண்டை வந்தாலும் அதே வித்தைதான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலைப் பார்க்க நடப்பார், வாசற்படி தாண்டுவதற்குள் சோத்து மேல என்ன கோவம், வாங்க என்று பின்னாலிருந்து குரல் வரும், வராத நாளே கிடையாது, அந்தக் குரல் வரும் என்ற தைரியத்தில்தான் அத்தனை தடவை எழுந்திருக்கிறார். இப்போது கொஞ்ச காலமாகக் குரல் வருவதில்லை. எழுந்து போய் மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்து பார்த்தார், வயிறு காய உட்கார்ந்து பார்த்தார். சண்டை போட்டதையே அவள் மறந்துவிட்டிருந்தாள். தானாகத் திரும்பி வந்தால், தோப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வருகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, சோறு போடவா என்று கேட்டாள். யாரிடம் கோபித்துக்கொள்வது. கோபித்துக்கொள்ளக்கூட எதிரே ஒரு ஆள் வேண்டும், ஆள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வேன்காரன் கதவைச் சாத்தினான். அப்பாடா. முதல் கியர். வண்டி இரண்டு கடை தூரம் போய் மறுபடி நின்றது.

கோயிலைச் சுற்றி வீதி, அதைச் சுற்றி வீதி, அதையும் சுற்றி வீதி, வெங்காயம் உரித்த மாதிரி ஊர். தேர் இந்த மாசி வீதியில்தான் வருகிறது, கிழக்கே புறப்பட்டுத் தெற்கே போய், மேற்கே வந்து, வடக்கே திரும்பி, வலமாகத்தான் வருகிறது. அவர் வடக்கிலிருந்து மேற்கே வந்து, மேற்கிலிருந்து தெற்கே வந்து, இப்போது கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். இடம். அது இப்போதுதான் உறைத்தது, ஏஸி ஓடுகிற வண்டிக்குள் கழுத்தில் வேர்த்தது. சாமி வலமாகப் போகிற தெருவில் நான் இடமாகச் சுற்றுகிறேன். இடமாகச் சுற்றுவது எதற்கு, யாருக்கு, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கே சுற்றுவார்கள், சீ, என்ன நினைப்பு இது, ரோடு அப்படி விட்டிருக்கிறான் ஒருவழி என்று, ஊரே அப்படித்தான் போகிறது, இந்த ஆட்டோக்காரனும் அப்படித்தான் போகிறான், அவன் பெண்டாட்டிக்கு என்ன வந்துவிடப்போகிறது. சுடுகாட்டுக்கு என்று வேறு காலையில் வாயை விட்டோமே. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால் கேட்கிற விலைக்கு வாங்கிக்கொள்வார், பேசவே மாட்டார்.

அவள் ஞாபகத்தில்தான் அவர் பிழைத்தார், அதை வெளியே சொன்னதில்லை. வாய் அவருடையது, கணக்கு அவளுடையது. மாமரம் ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் ஓயும், எந்தத் தோப்பில் எந்த வரிசை எந்த வருஷம் ஓயும் என்று அத்தனையும் அவள் மண்டைக்குள் இருந்தது, எழுதி வைத்ததில்லை, எழுதத் தெரியாது. கெழக்கு வரிசை கல்லாமை மரம் போன தடவ கொட்டுனது, இந்த வருசம் பூ மட்டும்தான் காட்டும், ஏமாந்துறாதீக என்று கஞ்சி ஊற்றும்போது போகிற போக்கில் சொல்வாள். அவர் போய்ப் பூவைப் பார்த்து அவரே கண்டுபிடித்த மாதிரி பேசுவார், தோப்புக்காரர்கள் மலைத்துப்போவார்கள், வீரணனுக்கு மரம் பேசும்யா என்பார்கள். பேசியது மரமில்லை. போன பருவத்தில் கேட்டபோது நல்லாக் காய்க்கும் என்றாள். தலையாட்டிக்கொண்டே, சந்தோஷமாகச் சொன்னாள். ஒரு மழைக்குப் பூவெல்லாம் உதிர்ந்து தரை வெள்ளையாகக் கிடந்தது, அது ஓய்கிற வருஷம். பறிப்பு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டார். எந்தத் தோப்பு என்று கேட்டாள். அவர் முகத்தையும் ஆட்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எந்தத் தோப்பைச் சொல்றீக. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்தால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன். போன் இருக்கிறதே, என்ன மடத்தனம், சுகந்தி வாங்கிக் கொடுத்த போன். பச்சைப் பொத்தானை அமுக்கணும்மா, பச்சை, இலை மாதிரி பச்சை என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வீரணன் ஒரு கையால் எண்ணைத் தேடி அமுக்கினார். நான் வர்றேன் புள்ள, அசையாத என்று சொன்னால் போதும், குரலைக் கேட்டால் போதும், குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். மணி அடித்தது. காதிலும் அடித்தது, முதுகுக்குப் பின்னாலும் அடித்தது. திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் அவளுடைய மஞ்சப்பை சாய்ந்து கிடந்தது, அதற்குள்ளிருந்து வெளிச்சம் விட்டுவிட்டு வந்தது. பைக்குள் போன், டோக்கன் சீட்டு, ஒரு வாழைப்பழம், அவருக்கான பிரஷர் மாத்திரை. அதை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். மணி அடித்து முடியும்வரை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை, யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதுபோல். நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் என்று ஒரு பெண்பிள்ளை ஆரம்பித்ததும் போனைப் பக்கத்து சீட்டில் வீசினார். இப்போது அவளிடம் என்ன இருக்கிறது. சேலை. செருப்பு. கழுத்தில் தாலி. வேறு ஒன்றுமில்லை. ஊர் பேர் எழுதின சீட்டுகூட இல்லை.

ஒருவன் வந்து ஏம்மா, எந்த ஊரு என்று கேட்டால் என்ன சொல்வாள். நத்தம் என்று சொல்வாளா, பிறந்த ஊரைச் சொல்வாளா. வரவர பிறந்த ஊரைத்தான் சொல்கிறாள். வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று போலீஸ்காரன் கேட்பான். கேட்டால்? அவள் இன்றுவரை அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. சுகந்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூன்று தடவை கேட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, முனியாண்டி கோயில்ல முனியாண்டிக்குப் பக்கத்துல நிக்கிற சாமி பேரு என்றாளாம். நர்ஸ் முனியாண்டி என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தார்கள், அவர் அவளை முனியாண்டி பொண்டாட்டி என்று கூப்பிட்டுச் சீண்டினார். மறந்துபோனதைச் சொல்ல முடியாது. மறக்காமல் இருந்தாலும் இதைச் சொல்ல மாட்டாள். எந்த வழியாக வந்தாலும் அவர் பெயர் வெளியே வராது, இந்த ஊர் மொத்தமும் ஒன்றாகக் கூடி வந்து கேட்டாலும் வீரணன் என்று ஒருத்தன் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் போனார்கள், பூ விற்றார்கள், பேரம் பேசினார்கள், ஒருத்தி கைப்பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டாள். ஒருத்தரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கீழமாசி வீதி. புளி வாடையும் மிளகாய் நெடியும் கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே வந்தது. இதோ, இந்த வீதி முடிந்தால் வடக்குமாசி, அதன் கடைசியில் பாத்திரக்கடை, இனிமேல் இடமும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், அவள் முன்னால் போய் நிறுத்திக் கதவைத் திறந்து ஏறு புள்ள என்று ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட வேண்டும். முக்கில் தடுப்பு. அரிசி லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே சாய்ந்து கிடந்தது, மூட்டைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளிவீதிக்குப் போங்க, வெளிவீதிக்குப் போங்க என்று ஒரு போலீஸ்காரர் கையை வீசினார். வீரணன் தலையை வெளியே நீட்டி, சார், எனக்கு இந்தா இருக்கு, வடக்குமாசி, என் சம்சாரம் நிக்குது என்றார். எல்லாருக்கும் சம்சாரம் நிக்கிறாங்க பெரியவரே, வண்டிய எடுங்க. ஒரே ஒரு ஆளு சார், ஓரமாப் போயிருவேன். லாரிக்கு மேல ஏறிப் போவீங்களா? நீ என்னய்யா, நான் யாருன்னு தெரியுமா என்று வழக்கமான குரல் தொண்டை வரை வந்தது. நான் யார். தெரிந்தவள் ஒருத்தி, அவளும் சொல்ல மாட்டாள். அவர் குரலை விழுங்கிவிட்டு, ஐயா, அவளுக்குப் புத்தி சரியில்லைய்யா என்றார். முதல் தடவையாக, சத்தமாக, நடுத்தெருவில், யாரென்று தெரியாத ஒருவரிடம். போலீஸ்காரர் அதற்குள் அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போயிருந்தார்.

உள்ளே போகப் போக வெளியே தள்ளுகிற ஊர். கீழவெளிவீதி, அப்புறம் வடக்குவெளிவீதி, பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். அவளுக்கும் அவருக்கும் நடுவில் இப்போது ஒரு வரிசைக் கட்டடம், நாலு சந்து, கத்திக் கூப்பிட்டால் கேட்கக்கூடிய தூரம், ஆனால் சக்கரத்துக்கு அது மறு உலகம். நகரவில்லை. எத்தனை நேரமாக நகரவில்லை. அவள் நடந்திருப்பாள். தெரியும் அவருக்கு, அவள் நடந்திருப்பாள், கூட்டம் போகிற பக்கமே சேர்ந்து நடந்திருப்பாள், கத்தரிப்பூச் சேலை எத்தனை போகிறது பார் இந்த ஊரில். பஸ் ஏறியிருப்பாள். மாடு மேய்வதைப் பார்க்க ஆற்றுக்குள் இறங்கியிருப்பாள். இந்தக் காரை வாங்கிய அன்று பெட்ரோல் பங்கில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள், வெள்ளைக் கலரு, அழுக்குத் தெரியும், தெனம் நான் தொடைச்சுர்றேன் என்றாள், துடைத்தாள். யாரிடமும் கை கட்டாமல் வாங்கிய வண்டி. கீறல் விழுந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும் அவருக்கு. வீரணன் கதவைத் திறந்தார். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சாவி அதிலேயே தொங்க, இறங்கினார். இறங்கியதும் வெயில் தலையில் கையை வைத்தது. மஞ்சப்பையை எடுத்தார், கதவைச் சாத்தினாரா தெரியவில்லை. யோவ் பெருசு, எங்கய்யா போற, வண்டியை எவன் எடுப்பான், உங்கப்பனா என்று பஸ் டிரைவர் கத்தினார். ஹாரன், ஹாரனுக்கு மேல் ஹாரன். யாரோ அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்கள், அவருடைய ஆத்தாளை இழுத்து. வாங்கின வார்த்தைக்குத் திருப்பிக் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் போனதில்லை. போனார். சந்துக்குள் ஓடினார், சாக்கடைப் பலகை ஆட, ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுகொள்ள, தையல் மெஷின், இட்லிச் சட்டி ஆவி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்ட பள்ளிக்கூடப் பெண்கள், நெஞ்சுக்குள் யாரோ மூட்டை தைக்கிற ஊசியால் குத்த, இரு புள்ள, இரு, நடந்துறாத, நான் சொன்னதைக் கேக்காத பழக்கம் உனக்குக் கிடையாதே, இன்னைக்கும் கேளு.

பாத்திரக்கடை வாசலில் பெருமாயி நின்றுகொண்டிருந்தாள். அதே இடத்தில், ஒரு கல் தள்ளாமல், கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு. முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. கடைக்காரப் பெண் கையில் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். உங்க ஆளாய்யா, நல்லாருக்கே, இம்புட்டு நேரம் எங்க போனீங்க, வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள வந்து ஒக்காருங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், அசையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம், நிழலுக்குக்கூட நகர மாட்டேங்குது என்றாள். வீரணனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்றும் அழுகை மாதிரி ஒன்றும் சேர்ந்து வந்தது. வா புள்ள, போவோம் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

பெருமாயி கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. கூட்டத்தில் தெரியாமல் இடித்துவிட்டவரிடமிருந்து விலகுவதுபோல், மரியாதையாக.

"கைய விடுங்கண்ணே" என்றாள்.

நாற்பது வருஷத்தில் அவரை அவள் எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணே என்று கூப்பிட்டதில்லை. கடைக்காரப் பெண் செம்பைக் கை மாற்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள், ஒற்றைச் செருப்பு, மடித்துக் கட்டின வேட்டி, வேர்வை.

"நான்தான் புள்ள. பாரு. முகத்தைப் பாரு."

பார்த்தாள். பூ நிற்குமா உதிருமா என்று ஒரு காலத்தில் மரத்தை அண்ணாந்து பார்ப்பாளே, அப்படிப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு பரிதாபப்பட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு இம்புட்டு வயசு இல்லண்ணே" என்றாள். "இப்பத்தான் சைக்கிள நிப்பாட்டிட்டு வர்றேன்னு போயிருக்காரு. வந்துருவாரு."

அவருக்குத் தெரிந்தது இரண்டே வித்தை. ஒன்று, குரலை உயர்த்துவது. இன்னொன்று, எழுந்து நடந்துவிடுவது. இரண்டும் கையை விட்டுப் போயிருந்தது. உயர்த்தினால் அவள் பயந்து ஓடிவிடுவாள். நடந்தால் அவள் கூப்பிட மாட்டாள். சுகந்தியின் பெயரைச் சொல்லலாம், தாலியைக் காட்டிச் சத்தியம் பண்ணலாம், கடைக்காரப் பெண்ணை சாட்சிக்கு இழுக்கலாம். எதைச் சொன்னாலும் அது அவள் வைத்துக்கொண்டு நிற்பதைப் பிடுங்குவதாக இருக்கும். தூரத்தில், வெளிவீதிப் பக்கம் ஹாரன் சத்தம் ஊரையே தூக்கியது. எவனோ வண்டிய நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டானாம் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கடையைத் தாண்டிப் போனார்.

"ரொம்பக் கோவக்காரரோ?" என்று கேட்டார் வீரணன். குரல் அவருடையதாக இல்லை.

"ஆமாண்ணே. நான் இங்கிட்டு இல்லேன்னா வைவாரு." அவள் வீதியின் கோடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயிதான் அப்படி. விட்டுட்டுப் போற ஆளு இல்ல."

அவர் மஞ்சப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடைக்காரப் பெண்ணுக்கு அப்போது ஏதோ புரிந்திருக்க வேண்டும், செம்பை அவர் பக்கம் நீட்டினாள், உள்ளே போய்விட்டாள். தண்ணீரைக் குடிக்காமல் அவர் பெருமாயியிடம் கொடுத்தார். அவள் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவளாக விசாரித்தாள்.

"நீங்க யாருக்கு நிக்கிறீக?"

"என் சம்சாரத்துக்கு" என்றார்.

"வர்றேன்னு சொல்லிருக்கா?"

அவர் வீதியின் கோடியைப் பார்த்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே. பெருமாயி அவர் முகத்தைப் பார்த்தாள். வந்துரும், இங்கயே நில்லுங்க என்று சொல்லி, இத்தனை நேரம் யார் சொல்லியும் நகராத அந்த இடத்திலிருந்து அரையடி தள்ளி, அவர் நிற்க இடம் விட்டாள்.